சாளக்கிராமம் இருக்கும் நாட்டில்

வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் நேபாளத்தில் இருக்கிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம் அது. நேபாளிகள் முக்திநாத் என்கிறார்கள். முக்திநாத்தைச் சேவிக்க காட்மாண்டு, பொக்காரா, ஜோம்சோம் தாண்டி முஸ்தாங் மாவட்டத்தில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும்.

அவ்வளவு தூரம் போகிறவர் அது பெருமாள் கோயில் என்று மட்டும் நினைத்துப் போனால் பாதிதான் புரியும். உள்ளே இருக்கும் மூர்த்தி இந்துக்களுக்கு விஷ்ணு. திபெத்திய பௌத்தர்களுக்கு அவலோகிதேஸ்வரர். சன்னிதியில் கைங்கரியம் செய்கிறவர்களில் பௌத்தப் பிக்குணிகளும் உண்டு. அவர்களைக் கோயில் வேலையாட்களாக நடத்துவது பெரிய பிழை. அந்த இடம் அவர்களுக்கும் புனிதத் தலம். கோயிலின் பின்புறம் மாட்டுமுக வடிவில் 108 நீர்த்தாரைகள் விழுகின்றன. அருகிலுள்ள ஜ்வாலா மாயி கோயிலில் இயற்கை எரிவாயுவால் தண்ணீரையொட்டிச் சிறு சுடர் எரிகிறது. இரு சமயத்தாரும் அதை வணங்குகிறார்கள்.

இந்தக் கலப்பு நேபாளம் முழுவதும் தெரியும். 2021 கணக்கெடுப்பின்படி மக்களில் சுமார் 81 விழுக்காட்டினர் இந்துக்கள், 8 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 5 விழுக்காட்டினர் இஸ்லாமியர்கள். கிராதர், கிறிஸ்தவர் முதலியோரும் உண்டு. தாய்மொழிகள் மட்டும் 124. 2008இல் மன்னராட்சி முடிந்தது. 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நாட்டை மதச்சார்பற்றது என்கிறது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்களிடம் எது இந்து வழக்கம், எது பௌத்த வழக்கம் என்று பிரிப்பதே கடினம். இந்து தெய்வமான தலேஜுவாக வணங்கப்படும் காட்மாண்டு குமாரி, சாக்கியர் என்னும் பௌத்தக் குலத்துச் சிறுமி. குமாரி ஜன்னலில் தோன்றும்போது படம் எடுக்கக் கூடாது.

பழகும் முறை தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது. முன்பின் தெரியாதவரையும் தாய் (அண்ணன்), தீதி (அக்கா), பாய் (தம்பி), பஹினி (தங்கை) என்றே அழைப்பார்கள். எச்சிலுக்கு ஜூட்டோ என்று பெயர். அதில் கண்டிப்பு அதிகம். வாய் வைத்த கரண்டியைப் பொதுப் பாத்திரத்தில் விடுவதும், தன் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதும் தவறு. தண்ணீரைத் தூக்கிக் குடிப்பது நல்லது. கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான். அழைக்காமல் சமையலறைக்குள் போகக் கூடாது. ஷெர்பா வீடுகளில் அடுப்புத் தீ புனிதமானது. அதில் குப்பை போடக் கூடாது. உட்கார்ந்திருப்பவரின் காலைத் தாண்டிப் போவதும் மரியாதைக் குறைவு.

மலைப்பாதைகளில் மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்கள் வரும். அவற்றையும் ஸ்தூபிகளையும் வலப்பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். களைப்பாற அந்தக் கற்கள் மேல் உட்காரவே கூடாது. பசு அந்நாட்டின் தேசிய விலங்கு, பசுவதை குற்றம்.

காட்மாண்டுவில் பசுபதிநாத் கோயிலின் தலைமைப் பூசகர்கள் கர்நாடகத்துப் பட்டர்கள். மூலக்கோயிலுக்குள் இந்து அல்லாதோருக்கு அனுமதியில்லை; தோல் பொருள்களையும் வெளியே விட வேண்டும். அதையொட்டி ஓடும் பாக்மதியின் கரையில் பலர் பார்க்கவே சடலங்கள் எரிகின்றன. அங்கே கேமராவைத் தூக்குவது கொடுமை. அழுதுகொண்டிருப்பது ஒரு குடும்பம். கொள்ளி வைத்த மகன் தலை மழித்து, வெள்ளை உடுத்தி, 13 நாள் துக்கம் காப்பார். அந்நாட்களில் யாரும் அவரைத் தொடுவதில்லை. ஆறுதல் சொல்லவும் தோளில் கை வைக்கக் கூடாது.

நேபாளப் புத்தாண்டான பைசாக் முதல் நாள் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. தீபாவளியையொட்டிய திஹாரில் ஒரு நாள் காக்கைக்கு, ஒரு நாள் நாய்க்குப் பூசை. நவராத்திரி அங்கே தசைன். பல கோயில்களில் பலியும் உண்டு. தமிழ்நாட்டு முளைப்பாரியைப் போலவே வாற்கோதுமையை முளைக்க வைத்து ஜமரா வளர்ப்பார்கள். தீபாவளியையொட்டிய திஹாரில் ஒரு நாள் காக்கைக்கு, ஒரு நாள் நாய்க்குப் பூசை. விஜயதசமியன்று பெரியவர்கள் அரிசி, தயிர், குங்குமம் குழைத்த டீகாவை இளையவர்களின் நெற்றியில் அப்பி, ஜமராவைச் சூட்டி ஆசி கூறுவார்கள். அன்று வீட்டுக்கு வந்த விருந்தினருக்கும் அது கிடைக்கலாம். தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் எதிரிலேயே அதைத் துடைத்துவிடக் கூடாது.