வாயில்லா ஜீவன்களும் கூட்டுறவும்

கூட்டுறவு என்றவுடன் தறியும் நூலும், விதையும் உரமும், கடனும் வட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாயில்லா ஜீவன்களின் நலத்தையும் அம்முறையாலேயே பேணலாம் என்பதற்கு ஓர் உதாரணத்தை அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

அபிராமபுரத்தில் வாழும் நமக்குப் பிராணி நலப் பணி புதிதன்று. இந்தியப் புளூ கிராஸ் சங்கம் 1959-இல் சென்னையிலேயே தோன்றியது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு, திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரத்தின் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக விளங்கினார். ஆயினும், வெளிநாட்டு அறநிலையம் ஒன்று ஏழைக் குடும்பங்களோடு கலந்து பணியாற்றும் முறையை அறிய, உத்தரப் பிரதேசத்துச் செங்கற் சூளைகளை நோக்க வேண்டும்.

புரூக் என்பது அந்நிலையத்தின் பெயர். முதல் உலகப் போருக்குப்பின் பிரிட்டிஷ் படை எகிப்தில் விற்றுவிட்ட குதிரைகள், முதுமையிலும் பாரம் இழுத்து வாடுவதை 1930-இல் கெய்ரோ சென்ற டோரதி புரூக் அம்மையார் கண்டார். இங்கிலாந்துப் பத்திரிகையில் கடிதம் எழுதிப் பொருள் திரட்டி, 1934-இல் அங்கே ஓர் இலவச மருத்துவமனையை நிறுவினார்.

இந்தியாவிலும் முதலில் நடந்தது இலவச வைத்தியமே. மருத்துவர் வண்டியில் வருவார், சேணம் உராய்ந்த புண்ணுக்கு மருந்திடுவார், போய்விடுவார். பொருந்தாத சேணமும் மிகுந்த பாரமும் அப்படியே இருக்குமாதலால் அப்புண் மீண்டும் தோன்றும். குதிரை படுத்தால் அன்றைய கூலி போயிற்று. இறந்தாலோ, அதை வாங்கிய கடன் மட்டுமே குடும்பத்துக்கு மிஞ்சும்.

எனவே, உரிமையாளர்களைச் சிறு குழுக்களாகச் சேர்க்க நிலையம் முற்பட்டது. பெண்கள் குழுக்களும் அவற்றில் உண்டு. உறுப்பினர்கள் சிறு தொகை சேமிக்கின்றனர். அவசரத்துக்கு அதிலிருந்தே கடன் பெறுகின்றனர். தீவனத்தை மொத்தமாக வாங்குகின்றனர். தடுப்பூசிக்குக் கூட்டாக ஏற்பாடு செய்கின்றனர். தாமே குதிரையாக இருந்தால் எசமானனிடம் எதை எதிர்பார்ப்போம் என்று கூட்டத்தில் ஆலோசிக்கின்றனர். தண்ணீர், நிழல், ஓய்வு, பொருந்தும் சேணம் என விடைகள் பிறக்கின்றன. பின்னர் ஒருவர் பிராணியை மற்றவர்கள் பார்வையிட்டு, நிலைமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அட்டவணையில் குறிக்கின்றனர். எழுத்தறியாதவரும் அவ்வர்ணங்களைப் படிக்கலாம்.

கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு இவ்வேற்பாடு பெரிதும் பொருள் நிறைந்ததாகத் தோன்றுகிறது. தணிக்கை வெளியாரிடமிருந்து வரவில்லை. அங்கத்தினரே ஒருவருக்கொருவர் தணிக்கையாளர். தனியொருவர் பாரத்தைக் குறைத்தால் அவர் கூலிதான் குறையும். அனைவரும் ஒருமித்தாலன்றிச் சூளை முதலாளியிடம் பேச இயலாது. வெளியார் உதவி என்றேனும் ஒருநாள் நிற்கும். அன்றும் குழு கூடுமா, சேமிப்புப் பெட்டி திறக்குமா என்பதே அவ்வுதவியின் உண்மையான சோதனை.

நம் விவசாய அங்கத்தினர்களிடம் உழவு மாடுகளும் கறவைப் பசுக்களும் உள்ளன. மொத்தத் தீவனம், தடுப்பூசி, நுகத்தடிப் புண் ஆகிய மூன்றையும் அடுத்த மகாசபையில் ஆலோசனைக்குரிய பொருளாகச் சேர்க்குமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு அயல்நாட்டுப் பணம் தேவையில்லை. தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்.