கொரியாவின் அயல்நாட்டு ஆசிரியர்களும் கணக்கில் வராத வேலை நேரமும்

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மாலை தொடங்கி இரவு நெடுநேரம் வரையில் பயிலும் தனியார் பயிற்சிக்கூடங்களைத் தென்கொரியாவில் ஹாக்வான் என்று அழைக்கின்றனர். அவற்றுள் ஆங்கிலம் கற்பிக்கும் ஸ்தாபனங்கள் பல, பேச்சுப் பயிற்சிக்கென்று அயல்நாட்டுப் பட்டதாரிகளை ஓராண்டு ஒப்பந்தத்தில் வரவழைத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு அந்நாட்டு அரசாங்கம் வழங்குவது ஈ-2 என்னும் விசா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் பிரஜைகளுக்கே பெரும்பாலும் உரியதாயிருந்த அந்த அனுமதி, இந்தியாவுடன் செய்துகொண்ட பொருளாதார உடன்படிக்கை 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தபின், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் உடைய இந்தியர்களுக்கும் அரசுப் பள்ளிகளின் மட்டில் திறந்துவிடப்பட்டது. ஆகவே, அங்கு நடக்கும் விஷயம் நமக்கு முற்றிலும் சம்பந்தமற்றதன்று.

வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு எடுக்கவேண்டும் என்று எழுதுவது இந்த ஒப்பந்தங்களில் பெருவழக்கு. ஊரிலிருந்தபடி அதைப் படிக்கும் இளைஞருக்கு இலேசான உத்தியோகமாகவே தோன்றும். ஆனால் வகுப்பு ஒன்றுக்கு 40 நிமிஷம் என்று வைத்து, வகுப்பினுள் நிற்கும் நிமிஷங்களை மட்டுமே கூட்டிப் பார்த்தால், 30 மணி என்பது 1,800 நிமிஷம்; அதாவது வாரத்துக்கு 45 வகுப்பு, நாளொன்றுக்கு 9 வகுப்பு. இந்த வகுப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவேளையும், பாடம் தயாரிப்பதும், நோட்டுப் புத்தகங்களைத் திருத்துவதும், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றோருக்கு அறிக்கை எழுதுவதும், சனிக்கிழமைகளில் புதிய மாணவர்களைச் சேர்ப்பதற்காக நடத்தும் விழாக்களில் வந்து நிற்பதும் எந்தக் கணக்கிலும் ஏறாமற் போவதுண்டு. கற்பித்தல் என்னும் தொழிலின் பாதியைத் தொழிலென்றே ஒப்பாத கணக்கு இது.

சட்டம் இல்லாமையால் இந்த அநியாயம் நேர்கிறது என்று சொல்வதற்கில்லை. 1953இல் இயற்றப்பட்ட கொரியத் தொழிலாளர் நியமச் சட்டம், வாரத்துக்கு 40 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு ஊதியம் தரவேண்டும் என்கிறது. முதலாளியின் உத்தரவுக்குட்பட்டுக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தெளிவாக்குகிறது. தேசத்தைக் காரணமாகக் கொண்டு தொழிலாளர்களிடையே பேதம் காட்டலாகாது என்றும் தடுக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கு மிகைநேர ஊதிய விதி பொருந்தாது என்பது அதிலுள்ள பெரிய ஓட்டை. சிறிய ஹாக்வான்கள் அதற்குள் நுழைந்துவிடுகின்றன.

உரிமை இருந்தும் ஆசிரியர் வாய் திறவாமலிருப்பதற்குக் காரணம் விசாவில் இருக்கிறது. ஈ-2 விசா ஒருவரைக் கொரிய நாட்டுக்குள் அனுமதிப்பதோடு நில்லாமல், ஒரு குறிப்பிட்ட வேலையிடத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. அனுமதியின்றி வேறோரிடத்தில் வகுப்பெடுத்தாலோ, வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தாலோ அபராதமும், சில சமயம் நாடுகடத்தலும் நேரும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறு ஸ்தாபனத்துக்கு மாற விரும்புபவர், யாரிடமிருந்து தப்ப நினைக்கிறாரோ அவரிடமே கையேந்தி விடுவிப்புக் கடிதம் பெறவேண்டும். அது மறுக்கப்பட்டால், பெரும்பாலும் நாட்டை விட்டுச் சென்று புதிய விசாவுடன் திரும்புவதே வழி. குடியிருக்கும் அறையும் பெரும்பாலும் முதலாளி கொடுத்ததேயாகையால், சம்பளமும் வீடும் தங்கும் உரிமையும் ஒரே மனிதரின் கையில் குவிந்துவிடுகின்றன. அந்நிலையில் நான்கு மணி நேர ஊதியத்தைக் கேட்பதற்கு எவருக்குத் துணிவு வரும்?

வேறொரு தந்திரமும் உண்டு. ஆசிரியரை ஊழியரென்று காட்டாமல் சுயதொழில் செய்பவரென்று எழுதி, 3.3 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு, ஓய்வூதிய நிதியும் பணிக்கொடையும் தராமல் விடுவது அது. ஓராண்டு நிறைந்தவருக்கு 30 நாள் சம்பளம் பணிக்கொடையாக உண்டென்பதால், பதினோராவது மாதத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களும் இருக்கின்றனர். ஹாக்வான்களில் பணியாற்றிய அயல்நாட்டு ஆசிரியர்கள் தொழிலாளர்களே என்று 2015இல் கொரிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது அவர்களுக்குப் பெருந்துணை.

கொரியாவைப் போலன்றி, ஜப்பானில் இத்தகைய ஆசிரியர்களின் விசா முதலாளியோடு பிணைக்கப்படவில்லை. வேலையை விட்டவர் 14 நாளுக்குள் அறிவித்துவிட்டு வேறிடம் தேடலாம்; ஆயினும் மூன்று மாதம் தொழிலின்றி இருந்தால் அனுமதி ரத்தாகக்கூடும். அங்கே வேறுவிதமான கணக்கு நடந்தது: முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி, எட்டியவருக்கு ஆரோக்கியக் காப்பீடும் ஓய்வூதியமும் உரியவை என்பதனால், ஒப்பந்தங்கள் 29.5 மணியில் நின்றன. 2016 முதல் படிப்படியாகப் பெரிய ஸ்தாபனங்களுக்கு வரம்பை 20 மணியாகக் குறைத்தபின்னரே அந்த அரை மணியின் மகிமை குன்றியது.

கொரியாவிலும் விதி மாறவேண்டிய இடம் விடுவிப்புக் கடிதமே. அது வரையில், வேலைக்குச் செல்பவர் கொரிய மொழியிலுள்ள ஒப்பந்தப் பிரதியையும் கேட்டு வாங்கிப் படிப்பித்துத் தெரிந்துகொள்வதும், வந்த நேரம் போன நேரம் இரண்டையும் அன்றன்றே குறித்து வைப்பதும், முதலாளி அனுப்பிய செய்திகளை அழிக்காமலிருப்பதும் அவசியம். ஊதியப் பாக்கியைக் கோர மூன்று வருஷ அவகாசம் உண்டு. வேலையை விட்டபின் 14 நாளுக்குள் கணக்குத் தீர்க்கப்படாவிட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.