பச்சை ஓடும் சதுரத் துளைக் காசும்

சென்ற கல்வியாண்டில் எங்கள் வரலாற்றுத் துறை மாணவ மாணவியர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். கோயிலைக் கண்டு வியந்த பின்னர் அவ்வூரிலுள்ள அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்தோம். உண்மையைச் சொல்வதானால், அப்போது எங்கள் மனம் பேருந்தில் இருந்த புளிசாதப் பொட்டலங்களிலேயே இருந்தது. பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்ட எங்களைப் பேராசிரியர் நிறுத்தினார்.

“என்னம்மா, அதற்குள் சீன தேசத்தைப் பார்த்து முடித்துவிட்டீர்களா?”

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்ப அழைத்துச் சென்று சில உடைந்த ஓடுகளைக் காட்டினார். இளம்பச்சை நிறம், கண்ணாடி போன்ற வழவழப்பு. சோழர் அரண்மனை நின்ற மாளிகைமேட்டை அகழ்ந்தபோது கிடைத்த சீனக் கலங்களின் எச்சங்கள் அவை. எனக்கு உடனே சிறுவயதில் பாண்டி ஆடிய சில்லு நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீனத்தைச் சொங் மரபினர் ஆண்டது கி.பி. 960 முதல் 1279 வரை. நம் நாட்டில் சோழப் பேரரசு ஓங்கி நின்ற காலமும் ஏறத்தாழ அதுவே. செச்சியாங் மாநிலத்து லுங்சுவான் பகுதிச் சூளைகள் பச்சைக் கலங்களுக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பச்சை, தூரிகையால் பூசிய வண்ணமன்று. மேற்பூச்சுக் குழம்பில் சிறிதளவு இரும்பு கலந்திருக்கும். சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகையெழ எரித்தால் அந்த இரும்பு பச்சையாகும். காற்று மிகுந்துவிட்டால் மஞ்சளும் பழுப்புமாகப் போய்விடும். மலைச்சரிவில் பாம்புபோல் நீண்டு ஏறும் சூளைகளில் 1,200 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏற்றினார்கள். நம் ஊர்க் குயவர் சூளையில் அவ்வளவு வெப்பம் எழாது. ஆகவேதான், கைத்திறனில் குறையாத நம்மவரும் இந்தக் கலத்தைக் கடல் கடந்து வாங்க வேண்டியிருந்தது. எளிதில் உடையும் பொருளாயிற்றே என்று கேட்கலாம். கலங்களை அடுக்கிக் கப்பலின் அடித்தட்டில் வைத்தால் அவற்றின் கனமே கப்பலை நிலைப்படுத்தும். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் நடந்த அகழாய்வில் பிற்காலச் சீன ஓடுகள் பெருமளவில் கிடைத்தன. அந்த வாணிகம் சோழரோடு முடிந்துவிடவில்லை.

ஓடு மட்டுமா வந்தது? காசும் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்து விக்கிரமம் என்னும் ஊரில் சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நடுவே சதுரத் துளையிட்ட வட்டக் காசு; கயிற்றில் கோத்துச் சரமாகக் கட்டுவார்கள். செம்புக் காசு வெளிநாடு போகக் கூடாதென்று சொங் அரசு பலமுறை தடை விதித்தது. தடையை மீறியும் காசு கடல் கடந்தது. நம்மவர் அதைச் செம்புக்காகவே விரும்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம். செப்புத் திருமேனி வார்த்த நாடல்லவா இது!

அரச தூதுகளும் சென்றன. இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீன அரசவையை அடைந்தது. வழியில் கழிந்தவை 1,150 நாட்கள் எனச் சீனக் குறிப்பு கூறுகிறது. எண்ணிப் பாருங்கள். அனுப்பிய மன்னன் 1014-இலேயே மறைந்துவிட்டான். இறந்துபோனவன் பெயரால் முத்துகளைக் காணிக்கை வைத்துவிட்டு அவர்கள் நின்றிருக்கிறார்கள். 1077-இல் சென்ற 72 பேர் கொண்ட குழுவுக்கு 81,800 சரம் செப்புக் காசு வழங்கப்பட்டதாம். சரத்துக்கு ஆயிரம் என்று பேராசிரியர் சொன்னதும் என் தோழி கையேட்டின் பின்னட்டையில் பெருக்கிப் பார்த்து, சுழிகளை இருமுறை எண்ணினாள். சொங் மரபு வீழ்ந்த பின்னும் உறவு அறவில்லை. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே தமிழர் சிவன் கோயில் எடுத்திருந்தனர். இங்கோ நம் அடுக்களையில் சீனாச்சட்டியும் பெட்டிக்கடையில் சீனக்காரமும் இன்றும் இருக்கின்றன.

இனிச் சில்லுக்கு வருவோம். என் ஊர் நாவலூர். கோவளம் கடற்கரை தொலைவில்லை. ஏழெட்டு வயதில் அங்கே பொறுக்கிய பச்சை ஓடொன்றைக் கல்லில் தேய்த்து விளிம்பைச் சீராக்கி வைத்திருந்தேன். கோடு மிதிக்காமல் சறுக்கிப்போய்க் கட்டத்தில் நிற்கும். தெருவில் யாரிடமும் அப்படியொரு சில்லு கிடையாது. யாரோ வீசிய தேநீர்க் கோப்பையின் உடைசலாகவும் இருக்கலாம். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்து நின்ற துறை கோவளம். சீனம் வரை வாணிகம் செய்த ஆஸ்டெண்ட் கும்பினியாரும் அங்கே இருந்தவர்களே.

சுற்றுலா முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தப் பச்சைச் சில்லா? கூடத்துக்குத் தரை போட்டப்ப ரப்பீஸோட ரப்பீஸா வாரிக் கொட்டியாச்சுடி” என்றார் அம்மா.

கூடத்தில் இப்போது வழுவழுப்பான சிமெண்டுத் தரை. இந்தக் கட்டுரையை அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.