பூமிக்கடியில் நெடுந்தூரம் செல்லும் மின்சாரக் கம்பியின் பருமன்

மீட்டர்க் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் 300 மீட்டர் தூரமிருப்பின், ஆம்பியரை மட்டும் உத்தேசித்துக் கம்பி வாங்குதல் போதாது. கம்பியின் தடை நீளத்திற்கேற்பப் பெருகும்; குறுக்குப் பரப்பு இரட்டித்தால் பாதியாகும். கடைக்காரர் தூரத்தைக் கேட்பதோ அபூர்வம்.

415 வோல்ட்டில் ஓடும் 5 குதிரைச் சக்தி மும்முனை மோட்டார் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி அதனைத் தாங்குமாயினும், மேற்படி தூரத்தில் சுமார் 23 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டராயின் குறைவு ஏறத்தாழ 10 வோல்ட்டே. தாமிரமாயின் 6 சதுர மில்லிமீட்டரிலேயே இப்பலன் கிட்டும், விலைதான் அதிகம்.

மோட்டார் கிளம்புந் தறுவாயில் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுப்பதால் வோல்ட் மேலும் இறங்கும். வோல்ட் 10 சதவீதம் குறையின் முறுக்குத்திறன் 19 சதவீதம் குறையும். லயனிலேயே வோல்ட் தாழ்ந்துள்ள வேளைகளில் மோட்டார் சுழலாது உறுமிச் சுருள் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

புதைத்தபின் பெரிய கம்பி போடுவதாயின் பள்ளத்தை மறுபடி வெட்டவேண்டும். ஆகையால் சந்தேகமுள்ளவிடத்து அடுத்த பருமனையே வாங்குக. பள்ளம் 75 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது; கம்பியின் மேலுங் கீழும் மணலிட்டுச் செங்கல் பரப்புக. ஒட்டு நேர்ந்தவிடத்தில், உழுவோர் அறியும்படி கல் நட்டு வைக்க.