இலவு காத்த கம்ப்யூட்டர்!

பீளமேட்டுல நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருக்கீங்க. ஒரு பழைய பிசியில லினக்ஸ் போட்டு, ஃபைனல் இயர் புராஜெக்ட் மொத்தத்தையும் அதுல வெச்சாச்சு. அவங்கவங்க லேப்டாப்ல இருந்து என்.எஃப்.எஸ். மூலமா 'மவுண்ட்' பண்ணி வேலை நடக்குது. ராத்திரி பத்து மணிக்கு கரன்ட் கட்! திரும்ப வந்ததும் ரவுட்டர் அந்தப் பிசிக்குப் புது ஐ.பி. முகவரி கொடுத்துடுது. பேட்டரியில ஓடிட்டிருந்த லேப்டாப்ல ஃபோல்டரைத் தொட்டா, அசையவே மாட்டேங்குது. விடிஞ்சா ரிவ்யூ. என்னங்க பண்ணுவீங்க?

முதல்ல, ஏன் இப்படின்னு பார்ப்போம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் உருவாக்கியதுதான் என்.எஃப்.எஸ். (டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லா, 1982-ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.) சர்வர் படுத்துட்டா, அது எழுந்து வர்ற வரைக்கும் பொறுமையா காத்திருக்கணும் என்பதுதான் இதன் குணம். இதுக்கு 'ஹார்டு மவுண்ட்'னு பேரு. ஆனா சர்வர் வீடு மாறிப் போயிட்டா? பழைய வீட்டு வாசல்லயே தட்டிக்கிட்டு நிக்கும். மவுண்ட் பண்ணும்போது பேரைக் கொடுத்திருந்தாலும், அந்த நேரத்துல கிடைச்ச முகவரியைத்தான் அது பிடிச்சு வெச்சிருக்கும்.

பதறி லேப்டாப்பை ஆஃப் பண்ணிடாதீங்க பாஸ்! சர்வருக்குப் போய்ச் சேராத டேட்டா மெமரியில இருக்கலாம். பழைய முகவரியை வேற யாரும் எடுக்கலைன்னா, அதையே மறுபடி பிசிக்குக் கொடுங்க. பெரும்பாலும் தொங்கி நின்னதெல்லாம் தானா ஓட ஆரம்பிச்சிடும். வேற வழியே இல்லைன்னா மட்டும் வலுக்கட்டாயமா 'அன்மவுண்ட்' பண்ணிட்டு, புது முகவரியில மவுண்ட் பண்ணுங்க. 'சாஃப்ட் மவுண்ட்' வெச்சா தொங்காதேன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான், ஆனா பாதி எழுதின ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

மாறினது லேப்டாப் முகவரின்னா கதையே வேற. சர்வரோட 'எக்ஸ்போர்ட்ஸ்' பட்டியல்ல பழைய முகவரி இருக்கும். புதுசா மவுண்ட் பண்ணப் போனா 'அனுமதி இல்லை'ன்னு துரத்திடும். ஒவ்வொரு முகவரியா எழுதாம, உங்க ரூம் நெட்வொர்க் மொத்தத்துக்கும் சேர்த்து அனுமதி கொடுங்க. ஆனா, ஊரே வந்து போற வை-ஃபையில இதைச் செய்யாதீங்க.

நிரந்தரத் தீர்வு ரொம்ப சிம்பிள். ரவுட்டர் செட்டிங்ஸ்ல, பிசியோட 'மேக்' நம்பருக்கு ஒரே ஐ.பி. முகவரியை ரிசர்வ் பண்ணிடுங்க. லேப்டாப்ல 'ஆட்டோ எஃப்.எஸ்.' போட்டா, தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் ஆகும். அஞ்சு நிமிஷ வேலைங்க, ஆறு மாச உழைப்பைக் காப்பாத்தும். புராஜெக்டுக்கு ஒரு காப்பியை பென் டிரைவ்லயும் போட்டு வெச்சுக்குங்க!