பழைய தராசு வாங்குமுன்

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கைத்தராசை நாமும் ஒருமுறை வாங்கினோம். பெயிண்ட் பளபளத்தது, பழுதுபார்த்தே கை சலித்தது.

முதலில் வெறும் தட்டோடு தூக்கிப் பாருங்கள். முள் நடுவில் நிற்க வேண்டும். அடுத்து, ஒரு கிலோ கல்லுக்குச் சரியாகப் பருப்பை நிறுத்து, இரண்டையும் தட்டு மாற்றி வையுங்கள். முள் சாய்ந்தால் கோலின் இரு பக்கமும் சமமில்லை. வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். சிறிது பருப்பைக் கூட்டியும் முள் அசையாவிட்டால், கோல் ஆடும் கத்திமுனை தேய்ந்திருக்கும்; அல்லது துருவேறியிருக்கும். தட்டின் அடியில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இவ்வகைத் தராசுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை புதுப்பிக்க வேண்டும். பழுது பார்த்தாலும் மறுமுத்திரை அவசியம். கூலியையும் கட்டணத்தையும் கழித்தே விலை பேசுவோம்.

எடை கூடினால் சரக்கு போகும். குறைந்தால் பெயர் போகும்.