ஒரே நொதி, இரண்டு நோய்கள்
உடலைப் படித்தவர்கள் – 17

டில்லும் மெக்கல்லாக்கும் டொரான்டோவில் ஸ்டெம் செல்லைக் கண்டறிந்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த மெக்கல்லாக்கிடம் 1970களில் ஆய்வு செய்ய வந்து சேர்ந்தவர் டாக் மாக். தென்சீனாவில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்து, கனடாவில் முனைவர் பட்டம் வாங்கிய இளைஞர்.

1984-ல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. நம் ரத்தத்தில் காவல் சுற்றும் டி செல், எதிரியை எதைக்கொண்டு அடையாளம் காண்கிறது என்பது அதுவரை பிடிபடாமல் இருந்தது. அப்படி அடையாளம் காணும் ஏற்பியின் மரபணுவை மனித செல்லில் மாக் பிடித்தார். எலியில் மார்க் டேவிஸ் குழு பிடித்தது. இரு தரப்புக் கட்டுரைகளும் 'நேச்சர்' இதழில் ஒன்றாகவே வந்தன. மாக்குக்கு அந்த மரபணு கிடைத்தது ஒரு லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல்வரிசையிலிருந்து. இதற்கு நோபல் தராதது, என் கணக்கில், நோபல் குழுவின் குறை.

ஆனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது வேறு.

2008-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விஞ்ஞானிகள் 22 க்ளையோபிளாஸ்டோமா மூளைக் கட்டிகளை எடுத்து, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களைப் படித்துப் பார்த்தார்கள். யாரும் சந்தேகிக்காத ஒரு பெயர் வந்து நின்றது: ஐடிஹெச்1. செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றத்தில் வேலை செய்யும் சாதாரண நொதி அது. மறு வருடம் செயின்ட் லூயிஸில் வேறொரு குழு, அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளி ஒருவரின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தபோது அங்கும் அதே பெயர். கோளாறு இருந்ததும் நொதியின் அதே 132-ஆவது இடத்தில்தான். மண்டையோட்டுக்குள் ஒன்று, எலும்பு மஜ்ஜையில் ஒன்று. இந்த இரண்டு நோய்களுக்கும் என்ன உறவு?

நொதி பழுதாகி வேலையை நிறுத்திவிட்டது என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். 2009 முடிவதற்குள் அது மாறியது. ஏஜியோஸ் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டார்கள். (மாக் அந்த நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர், வாசகருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.) நல்ல நொதி, ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றும். கெட்டுப்போனதோ, அந்த ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டையே எடுத்து 2-ஹெச்ஜி என்ற வேறொரு பொருளாக்குகிறது. சம்பளம் வாங்கும் கடையிலேயே சரக்கை உருவி வெளியே விற்கும் ஆளைப்போல. 2-ஹெச்ஜி குவியக் குவிய, மரபணுக்களைத் திறந்து மூடும் வேறு நொதிகள் முடங்குகின்றன. இளம் செல் முதிர வழியில்லாமல் அப்படியே தேங்கிவிடுகிறது.

மாக்கின் குழு இதை எலியில் சோதித்தது. ரத்த செல்களில் மட்டும் இந்தக் கோளாறைப் புகுத்தியபோது முதிராத செல்கள் பெருகின, மண்ணீரல் வீங்கியது. ஆனால் லுகேமியா வரவில்லை. மூளையில் புகுத்தியபோது குட்டிகளில் பெரும்பாலானவை மூளையில் ரத்தம் கசிந்து பிறப்பையொட்டியே இறந்தன, கட்டி உருவாகவில்லை. 2012-ல் வெளியான இந்த முடிவுகளைத் தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கோளாறு நிலத்தை உழுது வைக்கிறது, விளைய வேறு பிறழ்வுகளும் வேண்டும் என்பதை அந்த எலிகள்தான் காட்டின.

மருந்து முதலில் ரத்தத்துக்குத்தான் வந்தது. உறவு நொதியான ஐடிஹெச்2-க்கு எனாசிடெனிப் 2017-ல், ஐடிஹெச்1-க்கு ஐவோசிடெனிப் 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை புற்றுச்செல்லைக் கொல்வதைவிட, அதை முதிரவைத்து வழிக்குக் கொண்டுவருகின்றன. மூளை விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டும்படி வடிவமைத்த வோராசிடெனிப் 2024-ல்தான் அனுமதி பெற்றது. க்ளையோமா என்ற மூளைக் கட்டி மெதுவாக வளரும் நிலையில் இருந்த 331 பேரிடம் நடந்த சோதனையில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு 11.1 மாதத்துக்குள் கட்டி மீண்டும் வளர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் அந்த நிலை வர 27.7 மாதம் ஆனது. இது நோயைக் குணமாக்கவில்லை, கட்டியின் வளர்ச்சியைத் தள்ளிப்போட்டிருக்கிறது. மெதுவாக வளரும் கட்டியோடு வாழும் இளைஞருக்கு அந்த அவகாசமே பெரிது.

உங்கள் வீட்டில் யாருக்காவது க்ளையோமா என்றோ அக்யூட் மைலாய்டு லுகேமியா என்றோ அறிக்கை வந்தால், அதில் ஐடிஹெச் பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.